11 ஒலிகள்: ரொடோகாஸ் பற்றி நான் எழுதிய ஒரு வரிக்குத் திருத்தம்

சில வருஷங்களுக்கு முன், மொழிகளின் ஒலிகளைப் பற்றிய ஒரு குறிப்பில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். "உலகத்திலேயே எளிய மொழி பப்புவா நியூ கினியில் இருக்கும் ரொடோகாஸ், மொத்தமே 11 ஒலிகள், 12 எழுத்துகள்." எழுதும்போது சந்தேகமே வரவில்லை. பொது அறிவுப் புத்தகம் முதல் சாதனைப் பட்டியல் வரை எல்லா இடத்திலும் இருக்கிற தகவல்தானே. பிறகு அந்த வரியை வேறு ஒருவர் தன் கட்டுரையில் அப்படியே எடுத்துப் போட்டிருப்பதைப் பார்த்தேன். அதில் 'எளிய மொழி' என்பது 'வளர்ச்சி அடையாத மொழி' என்று ஆகியிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாதிக் கிணறு நான் வெட்டியது.

அதனால் மூலத்துக்கே போய்ப் படித்தேன். படித்ததில் தெரிந்தது இது: 11 என்ற எண் பொய் இல்லை. ஆனால் அதை வைத்து நாம் சொல்லும் ஏறக்குறைய எல்லாமே தவறு.

முதலில் இடம். நம் வீட்டு வாசலில் படர்ந்திருக்கும் காகிதப்பூவுக்கு போகன்வில்லா என்று பெயர் வந்தது பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் நினைவாக. அதே ஆளின் பெயரில் ஒரு தீவும் இருக்கிறது. அவர் 1768-ல் அந்த வழியாகக் கப்பலில் போனார். அரசியல்படி அது பப்புவா நியூ கினியின் தன்னாட்சிப் பகுதி. நில அமைப்பில் சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தத் தீவின் நடுப்பகுதி மலைகளில் சுமார் 4000 பேர் பேசுவது ரொடோகாஸ். 'பப்புவா மொழி' என்பது ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை. அந்த வட்டாரத்தில் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேராத மொழிகளை எல்லாம் மொத்தமாக அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ரொடோகாஸின் சொந்தக் குடும்பம் வடக்கு பூகன்வில் குடும்பம், கைவிரலில் எண்ணிவிடலாம்.

11 என்ற எண் பரவக் காரணம் 1969-ல் இர்வின் ஃபிர்ச்சோ, ஜாக்குலின் ஃபிர்ச்சோ தம்பதியர் 'ஆந்த்ரபலாஜிகல் லிங்க்விஸ்டிக்ஸ்' இதழில் எழுதிய ஒரு கட்டுரை. மொத்தம் ஆறு பக்கம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'சுருக்கப்பட்ட ஓர் ஒலியன் பட்டியல்'. அவர்கள் கணக்கு: ஐந்து உயிர், ஆறு மெய். மெய் ஆறும் இரண்டு வரிசை. ஒலிப்பிலா வரிசையில் 'பக்கம்' என்பதன் முதல் ப, 'தலை'யின் த, 'கல்'லின் க. ஒலிப்புடை வரிசையில் இதழில் பிறக்கும் வ போன்ற ஒலி, நாவைத் தட்டும் ர, 'பங்கு' என்பதில் கேட்கும் க. மூக்கொலி ஒன்றுகூட இல்லை. ம இல்லை, ந இல்லை, ங இல்லை. உலக மொழிகளில் மூக்கொலியே இல்லாதவை மிகச் சில. அதனால்தான் அந்த ஆறு பக்கம் அவ்வளவு பேசப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணப்படுவது ஒலி இல்லை, ஒலியன். இந்த வித்தியாசத்தை இங்கிலீஷ்காரருக்கு விளக்குவது கஷ்டம், தமிழ் படித்தவருக்குச் சுலபம். 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் க வேறு வேறு ஒலி. ஆனால் எழுத்து ஒன்றுதான், நமக்கு அதில் குழப்பமும் இல்லை, ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாயில் மூன்று, மனசில் ஒன்று. மனசில் இருப்பதுதான் ஒலியன். வாயில் வருபவை மாற்றொலிகள்.

ரொடோகாஸிலும் இப்படித்தான். ஃபிர்ச்சோ தம்பதியர் சொல்வதன்படி அந்த வ ஒலியன் சில சமயம் 'பம்பரம்' என்பதன் இரண்டாவது ப போலவும், சில சமயம் ம போலவும் வரலாம். ர ஒலியனுக்குள் ட, ல, ந சாயல்கள் உண்டு. ஒலிப்புடை க, ங பக்கம் சாயலாம். ஆக, மூக்கொலியை அவர்கள் வாய் அறியாமல் இல்லை. சொல்லுக்குச் சொல் பொருளை வேறுபடுத்த அது அங்கே தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இந்த ஆறு பக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. ரொடோகாஸ் பேசுபவர்கள் மூக்கொலியைத் தாராளமாகப் பயன்படுத்தும் ஒரு சந்தர்ப்பம்: வெளியூர்க்காரர் தங்கள் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசுவதை நடித்துக் காட்டும்போது. அந்த வெளியூர்க்காரர் உண்மையில் மூக்கொலியைச் சொன்னாரா இல்லையா என்பதுகூட முக்கியமில்லை. மூக்கால் பேசினால் அது அந்நியன் பேச்சு! சாதனைப் பட்டியல்களில் 'மூக்கொலி இல்லை' என்ற பாதி மட்டும் போய்ச் சேர்ந்தது. கேலி செய்யும் அளவுக்கு அந்த ஒலியைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்ற மறுபாதி வழியிலேயே தொலைந்துவிட்டது.

அடுத்து, 11 ஒலி, 12 எழுத்து என்ற புதிர். கூடுதல் எழுத்து எங்கிருந்து வந்தது? இதற்கு விடை, பைத்தான் கற்கும் பிள்ளைகள் பலர் கடந்து போன ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஸ்டீவன் பேர்ட், யூவன் க்ளைன், எட்வர்ட் லோப்பர் மூவரும் 2009-ல் வெளியிட்ட இயல்மொழி ஆய்வுப் பாடநூலில், பயிற்சித் தரவாக ஒரு ரொடோகாஸ் அகராதிக் கோப்பு வரும். அதிலுள்ள சொற்களில் எந்த மெய்யோடு எந்த உயிர் எத்தனை முறை சேர்கிறது என்று ஓர் அட்டவணை போடச் சொல்வார்கள். த வரிசையைப் பாருங்கள்: த 47, தெ 8, தி 0, தொ 148, து 37. ஸ வரிசை: ஸ 0, ஸெ 0, ஸி 100, ஸொ 2, ஸு 1. ஒரு வரிசையில் குழி விழுந்த இடத்தில் மற்றது மேடாக நிற்கிறது. இ-க்கு முன்னால் த என்பது ஸ ஆகிவிடுகிறது. இரண்டும் ஒரே ஒலியன், எழுத்து மட்டும் இரண்டு.

அந்த ஒற்றை 'ஸு' வரும் சொல் 'கஸுஆரி', கசோவரிப் பறவை. ஆங்கிலக் கடன் என்கிறது பாடநூல். அந்த ஆங்கிலச் சொல்லே மலாயிலிருந்து போனது. கசோவரி நியூ கினியின் பறவை, பூகன்வில்லில் கிடையாது. பறவையே வெளியூர் என்றால் பெயரும் வெளியிலிருந்துதானே வரணும். வந்த பெயர் கூடவே ஒரு புது ஒலிச்சேர்க்கையையும் கொண்டுவந்துவிட்டது. நம்மிடம் 'பாவம்' இருக்கிற மாதிரி. செய்த பாவமும் நடனத்தில் வரும் பாவமும் எழுத்தில் ஒன்று. ஆனால் வடமொழிக் கடனை ஒலிப்போடு சொல்லிப் பழகியவர் வாயில் இரண்டு. கடன் சொற்கள் பெருகினால் பட்டியலும் மெல்ல மெல்லப் பெருகும். ஆக 11 என்பது கல்வெட்டு இல்லை, ஒரு தேதியில் எடுத்த கணக்கு.

அந்தப் பாடநூலின் மீது ஒரு சின்னக் குறை. அட்டவணைக்கான தேடலில் ஆறு மெய் எழுத்துகளைக் கொடுக்கிறார்கள்; ஒலிப்புடை க அதில் இல்லை. ஸ ஓர் இடத்தை எடுத்துக்கொண்டதால் எண்ணிக்கை சரியாக ஆறு என்று தோன்றும், உண்மையில் மொழியின் ஒலியன் ஒன்று கணக்கிலேயே வரவில்லை. நிரல் கற்பிப்பதுதான் அங்கே நோக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மொத்தமே ஆறு மெய் உள்ள மொழியில் ஒன்றை விடுவது, பெரிய மொழியில் ஒன்றை விடுவது மாதிரி இல்லையே.

உயிரெழுத்துக் கணக்கிலும் ஒரு சிக்கல். ரொடோகாஸில் குறிலும் நெடிலும் உண்டு; நெடிலை ஒரே எழுத்தை இரண்டு முறை போட்டு எழுதுகிறார்கள். அந்த நெடில் தனி ஒலியனா, அல்லது இரண்டு குறில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதா? இந்த மொழியில் உயிருக்குப் பக்கத்தில் உயிர் வருவது சர்வ சாதாரணம் என்பதால், இரண்டு குறில் என்று எண்ண நியாயம் இருக்கிறது. அப்படி எண்ணினால் 11. தமிழ் இலக்கணக்காரர் போல நெடிலைத் தனியாக எண்ணினால் 16. பேசுகிறவர் வாயில் ஒரு மாற்றமும் இல்லை. எண்ணுகிறவர் விரல்தான் மாறுகிறது. சாதனை என்று கொண்டாடும்போது இந்த விரலை யாரும் காட்டுவதில்லை.

இதுவரை சொன்னது கணக்கு வழக்கு. உண்மையான அடி 2006-ல் விழுந்தது. ஸ்டூவர்ட் ராபின்சன் 'ஓஷியானிக் லிங்க்விஸ்டிக்ஸ்' இதழில் ரொடோகாஸின் இன்னொரு கிளைமொழியான ஐதாவின் ஒலியன்களை விவரித்தார். ஐதாவில் மெய் ஆறு இல்லை, ஒன்பது. ஒலிப்பிலா மூன்று, ஒலிப்புடை மூன்று, மூக்கொலி மூன்று. அதே மொழி, பக்கத்து மலை. அங்கே ம, ந, ங மூன்றும் பொருளை வேறுபடுத்தும் முழு ஒலியன்களாக இருக்கின்றன.

சரி, இரண்டில் எது பழசு? ராபின்சனின் வாதம் எளிமையானது, அதனாலேயே பலமானது. நடு ரொடோகாஸில் ஒலிப்புடை ஒலி வரும் சொற்களை எடுத்தால், ஐதாவில் அவற்றில் சில ஒலிப்புடை ஒலியோடு வருகின்றன, சில மூக்கொலியோடு வருகின்றன. நடு ரொடோகாஸ் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது எப்படி வரும் என்று ஊகிக்க முடியாது. நம்ம ஊர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். ழ-வையும் ள-வையும் ஒன்றாக உச்சரிக்கிறவரிடம் பேச்சை மட்டும் கேட்டு, 'கிளி' எது 'கிழி' எது என்று பிரிக்கச் சொன்னால் முடியாது. இரண்டையும் பிரித்துச் சொல்கிறவரிடமிருந்து சேர்த்துச் சொல்கிறவர் பேச்சுக்குப் போக ஒரே விதி போதும். திரும்பி வர விதி கிடையாது. எனவே வேறுபாடுதான் பழசு, சேர்ந்துபோனது பிற்காலம். ரொடோகாஸின் மூதாதை மொழியில் மூக்கொலி இருந்தது. நடுக் கிளைமொழி அதை ஒலிப்புடை வரிசையோடு கரைத்துவிட்டது.

இப்போது அந்த 1969 தலைப்பைத் திரும்பிப் பாருங்கள். 'சுருக்கப்பட்ட' பட்டியல் என்று வைத்தார்கள். நீளமாக இருந்த ஒன்று குறைந்து இப்படி ஆனது என்று ராபின்சன் காட்டிய பிறகு, அந்த அடைமொழி 37 வருஷம் கழித்து அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. ஃபிர்ச்சோ தம்பதியர் மீது எனக்குப் புகார் இல்லை. எந்தக் கிளைமொழி, எந்த மாற்றொலி என்று சொல்லித்தான் எழுதினார்கள். புகார் எல்லாம் கட்டுரையைப் படிக்காமல் எண்ணை மட்டும் உருவிக்கொண்டு போனவர்கள் மீதுதான். அதில் நானும் ஒருவன்.

'ஒரு எண் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா என்ன?' என்று கேட்கலாம். இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. உலக மொழி அமைப்புகளின் நிலப்படத் தொகுப்பான வால்ஸில், மெய்யொலிக் கணக்கின் ஒரு முனையில் ஆறு மெய்யோடு ரொடோகாஸ், மறுமுனையில் 122 மெய்யோடு தென் ஆப்பிரிக்கப் பகுதியின் ஒரு நாக்கொலி மொழி. 2011-ல் குவென்டின் அட்கின்சன் 'சயின்ஸ்' இதழில், வால்ஸ் தரவிலிருந்து 504 மொழிகளை எடுத்து ஒரு பெரிய வாதத்தை வைத்தார்: ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் போகப் போக ஒலியன் எண்ணிக்கை குறைகிறது, சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து போனபோது ஒலிகளும் வழியில் உதிர்ந்தன, எனவே மனிதப் பரவலின் தடம் ஒலிகளிலேயே பதிந்திருக்கிறது. பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. 'லிங்க்விஸ்டிக் டைப்பாலஜி' இதழில் மொழியியலாளர்கள் வரிசையாக மறுப்பு எழுதினார்கள். 'சயின்ஸ்' இதழிலேயே 2012-ல் சைசோ, டெடியு, மொரான் மூவரும் தரவையும் முறையையும் கேள்வி கேட்டார்கள்.

504 மொழிகளின் புள்ளிவிவரத்தை ஒரு மொழியை வைத்து உடைத்துவிட முடியாது. அப்படிச் சொன்னால் நானும் பழைய தவறைத்தான் செய்வேன். ஆனால் ரொடோகாஸ் அந்த வாதத்தின் அடிப்படையைச் சோதிக்க உதவும். பூகன்வில்லுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் பூக்கா தீவின் கிலு குகையில் மனிதர் வாழ்ந்த தடயம் ஏறக்குறைய 29,000 ஆண்டுப் பழமை. மூக்கொலி தொலைந்ததோ ஐதாவும் நடு ரொடோகாஸும் பிரிந்த பிறகு. அதாவது தீவில் குடியேறி யுகங்கள் கழிந்து, அடுத்தடுத்த மலைகளில். கடல் தாண்டிய பயணத்தில் எதுவும் உதிரவில்லை. வீட்டிலேயே இருந்தபடி ஒரு கிளை மூன்று ஒலியனைக் கரைத்துவிட்டது, மறு கிளை வைத்துக்கொண்டது. ஒரு மொழிக்கு ஓர் எண் என்று அட்டவணையில் எழுதும்போது 9-ஐ எழுதுவதா 6-ஐ எழுதுவதா என்பது எந்தக் கிராமத்துக்கு முதலில் ஆராய்ச்சியாளர் போனார் என்பதைப் பொறுத்தது. அதைப் போய் மனித குலத்தின் பயணக் குறிப்பாக வாசிக்க எனக்குத் துணிவில்லை.

இனி, 'எளிய' என்ற என் பழைய சொல். இதுதான் மோசமான பிழை. ஒலி குறைந்தால் மொழி எளிது என்று யார் சொன்னது?

ராபின்சன் 2011-ல் இந்த மொழியின் வினைச்சொற்கள் மீது ஓர் ஆய்வேடு எழுதினார். பெயர்ச்சொல்லில் ஆண், பெண், அஃறிணை போன்ற பொதுப்பால் என்று மூன்று; எண்ணில் ஒருமை, இருமை, பன்மை. 'ஒஇரதொ' ஆண், 'ரிஅகொவ' பெண். 'ஒஸிரெஇ' கண், இரண்டு கண் என்று சொல்ல 'ஒஸிரெஇதொஅரெஇ'. தமிழில் போன்றே வினை கடைசியில் வரும், விகுதி மேல் விகுதியாக ஒட்டும். ஆனால் வினைகள் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஏற்ப இடம்-பால் விகுதி மாறும். 'அவன்' என்பதற்கு ஒரு வகுப்பில் ரொ, மற்றதில் ரெ. 'அவள்' என்பதற்கு ஒ, எ. நாம் 'வந்தான்' என்றாலும் 'அடித்தான்' என்றாலும் ஆன் விகுதி ஒன்றுதான். அங்கே அடிப்பவனுக்கு ஒரு 'ஆன்', வருபவனுக்கு இன்னொரு 'ஆன்'. அதோடு நின்றால் பரவாயில்லை. செயப்படுபொருள் இல்லாத வினைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயாமல் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிகின்றன. ஆய்வேடு முழுக்க அந்தப் பிரிவினையைப் பற்றித்தான்.

பாடநூல் கோப்பில் வரும் 'கா' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். தொண்டை அடைத்து விக்குவது என்று பொருள். டோக் பிசினில் அதற்குக் 'கழுத்து அடைத்துக்கொண்டது' என்ற மாதிரி விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். 'காரொஇ' என்றால் அவன் விக்குகிறான்: கா, பிறகு ஆண்பாலைக் காட்டும் ரொ, பிறகு நிகழ்காலத்தின் இ. எதனால் விக்குகிறான் என்று சொல்ல 'ரெஒரெஒபஒரொ': ரெஒ என்ற பேச்சு இரட்டித்து, தொடர்ச்சியைக் காட்டும் ப சேர்ந்து, கூடவே நடப்பதைக் காட்டும் ஒரொ சேர்ந்து, 'பேசிக்கிட்டே' என்று ஒரே சொல்லில். சாப்பிடும்போது பேசாதே என்று அதட்டும் பெரியவர்கள் அந்த மலையிலும் இருப்பார்கள் போல. நம் 'பேசிக்கொண்டே' செய்யும் வேலையை அதே நேர்த்தியோடு செய்கிறது அந்தச் சொல். 11 ஒலியன் போதும் இதற்கு. செங்கல் வகை குறைவு என்பதற்காக வீடு குடிசையாகிவிடாது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 'ரொடோகாஸ்' என்ற பெயர் ஸ் என்ற மெய்யில் முடிகிறது. அந்த மொழியில் அசை உயிரில்தான் முடியும். ஸ ஒலி வருவதோ இ-க்கு முன்னால்தான். உலகம் அந்த மொழிக்கு வைத்திருக்கும் பெயரை அந்த மொழியின் விதிப்படி உச்சரிக்கவே முடியாது. எண்ணும் கிட்டத்தட்ட அந்தப் பெயர் மாதிரிதான், வெளியிலிருந்து ஒட்டப்பட்டது.

பழைய குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி மாற்றியிருக்கிறேன்: "பூகன்வில் தீவின் ரொடோகாஸ் மொழியில், நடுக் கிளைமொழிக்கு, நெடிலைத் தனியாக எண்ணாவிட்டால், 11 ஒலியன்கள், பக்கத்து ஐதாவில் மூன்று கூடுதல். நடுக் கிளைமொழியில் மூக்கொலி பிற்காலத்தில் கரைந்தது." வரி நீளமாகிவிட்டது, பழைய வரியின் கவர்ச்சி இதில் இல்லை. யாராவது எடுத்துப் போடுவதாக இருந்தால் இதை எடுத்துப் போடுங்கள்.